‘ஷிப்டுக்கு நேரமாச்சு’ என்கிற தாத்தாவிடம் என்ன சொல்வது? - டிமென்ஷியா வீட்டுக்கான தினசரி கையேடு

விடியற்காலை 4 மணி. ஆலங்குளத்தில் ஒரு வீடு. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி இருபது வருஷமான தாத்தா, சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கதவை இழுக்கிறார்.

“எங்க கிளம்பிட்டீங்க மாமா?”

“ஷிப்டுக்கு நேரமாச்சு. டிபன் பாக்ஸ் எங்கம்மா?”

“நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷமாச்சு மாமா... போய்ப் படுங்க!”

அவ்வளவுதான். தாத்தாவுக்குக் கோபம் வருகிறது, சத்தம் போடுகிறார், வீடே எழுந்துவிடுகிறது. 5 மணிக்கு மருமகள் அடுப்படியில் நின்று அழுகிறார். அந்த மருமகள்தான் உங்கள் அம்மா. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ தூங்கி எழுந்து, ‘தாத்தா நைட் பூரா தூங்கவிடலப்பா’ என்ற வாட்ஸ்அப் மெசேஜைப் பார்க்கிறீர்கள்.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மட்டுமல்ல, டிமென்ஷியா இருக்கிற எந்த வீட்டிலும் ஏதோ ஒரு ரூபத்தில் நடப்பதுதான். ஆலைக்குப் பதில் தறி, தறிக்குப் பதில் வயல், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கட்டுரை உங்களுக்கும், நீங்கள் ஃபார்வேர்டு செய்யப்போகிற உங்கள் அம்மாவுக்கும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியா வந்தவரைத் திருத்த முடியாது. அவரைச் சுற்றியிருக்கும் வீட்டையும் நாளையும் நம் பேச்சையும் திருத்தலாம். கீழே இருக்கிற டிப்ஸ் எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து வருபவைதான்.

‘வயசானா மறதி வரத்தானே செய்யும்?’

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. கையில் இருப்பது சாவி என்பதே தெரியாமல் போவது டிமென்ஷியாவின் அறிகுறி. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று நினைவுக்கு வராதது சகஜம். முப்பது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது சகஜம் இல்லை.

டிமென்ஷியா ஒரு தனி நோயின் பெயர் அல்ல. மூளை பாதிக்கப்படுவதால் நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன், அன்றாட வேலைகள் எல்லாம் படிப்படியாகக் குறைகிற நிலைக்குப் பொதுப்பெயர். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் வருவது இன்னொரு வகை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது.

இங்கே முக்கியமான ஒன்று. மறதி என்றாலே டிமென்ஷியா என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, கீழே விழுந்ததில் மூளைக்கு மேல் ரத்தம் கட்டியது... இவையும் டிமென்ஷியா மாதிரியே தெரியும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால் முதல் வேலை, ஒரு தடவை முழுமையான மருத்துவப் பரிசோதனை. காதும் கண்ணும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். காது கேட்காதவரை ‘புத்தி தடுமாறிப்போச்சு’ என்று சொல்லிவிடுகிற வீடுகள் உண்டு.

ரூல் நம்பர் 1: திருத்தாதீர்கள்

தாத்தாவைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை. சமீபத்திய நினைவுகள்தான் முதலில் அழிகின்றன. பழைய நினைவுகள் நின்றுகொண்டிருக்கின்றன. அவர் மனதில் இப்போது அவருக்கு 40 வயது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ‘நீங்க ரிட்டயர்டு’ என்று சொன்னால், அவருக்கு அது யாரோ வேலையைப் பிடுங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

சொன்னது மறந்துபோகும், சொன்னதால் ஏற்பட்ட உணர்வு மறையாது. 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, சந்தோஷமான சினிமாக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்களிலேயே அவர்கள் பார்த்ததைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆனால், அந்தச் சோகமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் அவர்களிடம் நீடித்தன. காலையில் நீங்கள் போட்ட சண்டையை 10 மணிக்குத் தாத்தா மறந்திருப்பார். ஆனால், ஏனென்று தெரியாமலே உம்மென்று உட்கார்ந்திருப்பார். நீங்கள் சிரித்துப் பேசினாலும் அப்படித்தான். காரணம் தெரியாமல் நன்றாக இருப்பார்.

சரி, என்ன சொல்லலாம்?

* “ஷிப்டுக்குப் போகணும்” - “சரி மாமா, ஒரு காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம். உங்க கூட வேலை பார்த்தவங்கள்ல யாரு நல்லா பேசுவாங்க?” காபி முடிவதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.
* “எங்க அம்மா எங்க?” - ‘செத்து நாப்பது வருஷமாச்சு’ என்றால், அவருக்கு அது இன்றைக்கு வந்த சாவுச் செய்தி. “அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க வைக்கிற குழம்பு எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள்.
* “நான் இன்னும் சாப்பிடவே இல்ல” - சாப்பிட்ட தட்டைக் கொஞ்ச நேரம் கண் முன்னால் விட்டுவையுங்கள். அப்படியும் கேட்டால் இரண்டு வாய் ஏதாவது கொடுங்கள். வாதாட வேண்டாம்.
* “என் வளையலைத் திருடிட்டா” - இருப்பதிலேயே வலிக்கிற வார்த்தை இதுதான். பெரும்பாலும் பழி விழுவது, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மேல்தான். “நான் எடுக்கல” என்று நிரூபிக்கப் போகாதீர்கள். “காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்” என்று சொல்லுங்கள். அவர் வழக்கமாக ஒளித்துவைக்கிற இடங்களை (தலையணை உறை, அரிசி டிரம், பழைய பெட்டி) தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ‘இது நோய் பேசுகிற பேச்சு’ என்று சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேசும்போது முன்னால் வந்து, கண்ணைப் பார்த்து, சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்பதைவிட ‘இட்லியா, தோசையா?’ என்பது சுலபம். ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ‘நான்தான் தாத்தா, உங்க பேரன் வந்திருக்கேன்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ராஜபாளையம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய. டிமென்ஷியாவில், பிற்பாடு கற்ற மொழி முன்னதாக நழுவி, தாய்மொழி கொஞ்ச காலம் கூடுதலாக நிற்கலாம். பாட்டி திடீரென்று தெலுங்கில் மட்டும் பதில் சொன்னால் அது பிடிவாதம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த நாலு வார்த்தையை நீங்களும் பேசுங்கள்.

நாள் முழுக்க ஒரே மாதிரி

நமக்கு போர் அடிக்கிற அதே ரொட்டீன்தான் அவர்களுக்குப் பிடிமானம். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை.

காலை, பாத்ரூம்: எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், பகலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப்போங்கள். ‘வருதா?’ என்று கேட்காமல் ‘வாங்க, போயிட்டு வந்துடலாம்’ என்று எழுப்புங்கள். டாய்லெட் கதவில் படம் ஒட்டுங்கள், ராத்திரி அங்கே விளக்கு எரியட்டும். வேட்டி, புடவை கட்டச் சிரமம் என்றால் ஒட்டிக்கொள்கிற வேட்டி, எலாஸ்டிக் வைத்த பைஜாமா, நைட்டி என்று மாற்றிவிடலாம்.

குளியல்: ‘குளிக்க மாட்டேங்கிறாரு’ என்பதற்குப் பின்னால் குளிர், பயம், வெட்கம் மூன்றில் ஒன்று இருக்கும். வெந்நீரை உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். வழுக்காத ஸ்டூலில் உட்காரவையுங்கள். தலையில் மடாரென்று ஊற்றாமல் காலில் இருந்து ஆரம்பியுங்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டே தேய்த்துவிடலாம். ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யுங்கள். இன்று ஒரேயடியாக மறுத்தால் விடுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு: தட்டில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு அயிட்டம் மட்டும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாது. கலர் தட்டு நல்லது. பிசைந்து சாப்பிட முடியவில்லை என்றால் இட்லித் துண்டு, கொழுக்கட்டை, வாழைப்பழத் துண்டு என்று கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி கொடுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்தே ஊட்டுங்கள், சாப்பிட்டவுடன் படுக்கவைக்காதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமினால், விழுங்குவதில் பிரச்னை இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் ரொம்ப முக்கியம். தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது என்பதால் நீங்கள்தான் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். சிலருக்கு இனிப்பு ஆசை கட்டுக்கடங்காமல் போகும். சுகர் இருக்கிற வீட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா கண்ணில் படாமல் இருக்கட்டும்.

மதியம், கைக்கு வேலை: சும்மா உட்காரவைத்தால்தான் பதற்றம் கூடும். கை பழகிய வேலையை மூளை கடைசி வரை பிடித்துவைத்திருக்கும். பூக்கட்டத் தெரிந்த பாட்டிக்குப் பூவும் நாரும், சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி வேலை பார்த்தவருக்கு மடிக்க நாலு துண்டு, விவசாயிக்கு உரிக்க மொச்சை. தப்பாக மடித்தாலும் பரவாயில்லை. அவர் பார்க்காதபோது பிரித்துவைத்து, நாளைக்கு மறுபடி கொடுங்கள். பாட்டும் அப்படித்தான். பேரன் பேர் மறந்த பாட்டி, மார்கழியில் கேட்டு வளர்ந்த திருப்பாவையை வரி தப்பாமல் கூடவே சொல்வதைப் பார்க்கலாம். அவர் இளவயதில் கேட்ட பாட்டுகளை வைத்து ஒரு பிளேலிஸ்ட் போட்டு அனுப்புங்கள். இது உங்களால் இன்றைக்கே செய்ய முடிகிற வேலை.

சாயங்காலம்: பலருக்கு வெளிச்சம் மங்கும் நேரத்தில் குழப்பம், பயம், ‘வீட்டுக்குப் போகணும்’ என்ற பேச்சு கூடும். 5 மணிக்கே எல்லா விளக்கையும் போடுங்கள். டி.வி சீரியல் சண்டைச் சத்தத்தைக் குறையுங்கள், அது டி.வி என்று அவருக்குப் புரியாமல் போகலாம். கண்ணாடியில் தெரிவது யாரோ என்று பயந்தால் துணியால் மூடிவிடுங்கள். காபி, டீயை மதியத்தோடு நிறுத்துங்கள்.

ராத்திரி: பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் கொஞ்சம் நடை. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்காதீர்கள். குழப்பமும், கீழே விழுகிற ஆபத்தும் அதிகமாகும்.

வீட்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்

* கேஸ் ரெகுலேட்டரை வேலை முடிந்ததும் மூடுங்கள்.
* பினாயில், ஆசிட், பூச்சிமருந்து, மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள். குறிப்பாக, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பினாயில் ஊற்றிவைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.
* வழுக்கும் பாயை எடுங்கள். பாத்ரூமில் கைப்பிடி வையுங்கள். மாடிப்படிக்குக் கதவு, கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி.
* டி.வி.எஸ் எக்ஸ்.எல் சாவி அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.
* வாசல் கதவில் அவர் கண்ணில் படாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள். ஆனால், அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மட்டும் போகவே கூடாது.

வெளியே போய்விட்டால்?

சம்பவம் நடப்பதற்கு முன்பே தயாராகுங்கள். வீட்டு போன் நம்பரைச் சட்டைப் பையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள், கையில் நம்பர் பொறித்த காப்பு போடலாம். மாதம் ஒரு புதிய போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பக்கத்து வீடுகளில் ‘தாத்தா தனியா போனா கூப்பிடுங்க’ என்று சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிராமத்தில் நமக்கு இருக்கிற பெரிய பலமே, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதுதான்.

காணவில்லை என்றால், முதலில் வீட்டுக்குள், பிறகு கிணறு, கண்மாய் போன்ற ஆபத்தான இடங்கள். அடுத்து பழைய வேலை இடம், கோயில், பஸ் ஸ்டாண்டு. ‘கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்று காத்திருக்காமல் 112-க்குச் சொல்லிவிடுங்கள். கிடைத்ததும் திட்டாதீர்கள். அவரும் பயந்துபோய்த்தான் இருப்பார்.

திடீர் மாற்றமா? உடனே டாக்டர்

டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நகர்வது. நேற்று நடந்தவர் இன்று எழவில்லை, ஒரே நாளில் உளறல் கூடிவிட்டது, பகல் முழுக்க மயக்கமாகவே தூங்குகிறார் என்றால், ‘நோய் முத்திடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிய மாத்திரை என ஏதாவது காரணம் இருக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், அதைக் கோபமாகத்தான் காட்டுவார். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108.

டிமென்ஷியாவில் பெரும்பாலானவற்றை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. சில மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்கும். ‘30 நாளில் நினைவு திரும்பும்’ என்று ரீல்ஸில் வருகிற விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

பணம் என்றதும் இன்னொன்று. ஏ.டி.எம் பின், பேங்க் கணக்கு, நாமினி, உயில், பத்திரம்... இவற்றை அவருக்குப் புரிந்து, விரும்பிச் சொல்ல முடிகிற ஆரம்பக் காலத்திலேயே பேசி முடியுங்கள். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றிதழை முக அடையாளம் மூலம் போனிலேயே கொடுக்கும் வசதி இருக்கிறது; ‘ஜீவன் பிரமான்’ என்று தேடுங்கள்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

கோவாவில் டிமென்ஷியா உள்ள 81 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2008-ல் வெளியானது. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள்தான் வீடு தேடிப் போனார்கள். நோயைப் பற்றி விளக்கினார்கள், தினசரிச் சிக்கல்களுக்கு யோசனை சொன்னார்கள், பார்த்துக்கொள்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். நோயாளியின் பிரச்னைகள் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால், பார்த்துக்கொண்டவர்களின் மனநலம் மேம்பட்டது, மன உளைச்சல் குறைந்தது.

அப்படியானால், உங்கள் அம்மாவுக்கு முதலில் தேவைப்படுவது, புரிந்துகொண்டு பேச ஓர் ஆள். தூரத்தில் இருந்தே அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

* போன் போட்டதும் ‘தாத்தா எப்படி இருக்கார்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘அம்மா, நேத்து எத்தனை மணி நேரம் தூங்குன?’ என்று கேளுங்கள்.
* மாத்திரை ஆர்டர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கரன்ட் பில் எல்லாம் உங்கள் பொறுப்பு.
* மாதம் ஒரு சனி, ஞாயிறு ஊருக்குப் போய் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு, அம்மாவை வெளியே அனுப்புங்கள். ஆண்டாள் கோயிலோ, அம்மாச்சி வீடோ, அவர் இஷ்டம்.
* அத்தை, சித்தப்பாக்களோடு ஒரு வீடியோ கால் போட்டு, ‘யார் எந்த நாள், யார் எவ்வளவு பணம்’ என்று பேசி எழுதிவிடுங்கள். ‘மருமகள் பார்த்துப்பா’ என்பது திட்டம் இல்லை.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. கோபம் வருவது இயல்புதான். கை ஓங்கிவிடுவோமோ என்று தோன்றினால், அவரைப் பாதுகாப்பாக உட்காரவைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் வாசலுக்கு வாருங்கள். நல்ல மனிதர்கள்கூட தூக்கமில்லாத ராத்திரிகளில்தான் உடைகிறார்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாக அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் உங்களுக்கும் டாக்டர் வேண்டும்.

உதவிக்கு யாரைக் கேட்பது?

* முதல் பரிசோதனைக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகள். மேல் பரிசோதனைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை.
* 2021-ல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி, சுகர் மாத்திரை, பிசியோதெரபி, படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே வரும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள். பி.பி, சுகரைக் கட்டுக்குள் வைப்பது மூளைக்கும் நல்லது.
* 14416 - டெலி மனஸ், மனநல ஆலோசனை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்பவருக்கும் இது உண்டு.
* 14567 - மூத்த குடிமக்களுக்கான உதவி எண்.
* சென்னையில் இருக்கும் ‘ஸ்கார்ஃப்’ மனநல அமைப்பிலும், 1992-ல் கேரளாவில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ எனும் அல்சைமர் அமைப்பிலும் டிமென்ஷியா குடும்பங்களுக்கு வழிகாட்டுதல் கிடைக்கும்.

மறுபடியும் விடியற்காலை 4 மணி. தாத்தா கதவை இழுக்கிறார்.

“ஷிப்டுக்கு நேரமாச்சு. டிபன் பாக்ஸ் எங்கம்மா?”

“இந்தா கட்டிக்கிட்டு இருக்கேன் மாமா. அதுக்குள்ள உட்காருங்க, காபி தாரேன்.”

தாத்தா உட்காருகிறார். அவர் இன்னும் ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார், நோயும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், இன்றைக்கு யாரும் அழவில்லை. டிமென்ஷியா வீட்டில் ஒரு நாளை ஜெயிப்பது என்றால் இதுதான். நாளைக்கு, மறுபடியும் முதலில் இருந்து!